ஆல்ப்ஸ் பயணம்: சொந்த சைக்கிளின் சர்வீஸுக்கும் உதிரிபாகங்களுக்கும் எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

மேட்டுவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஜூலையில் நானும் நண்பர் ஒருவரும் பிரான்ஸ்–சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள போர்த் து சொலே மலைப்பகுதிக்கு இரண்டு வாரப் பயணமாகச் செல்கிறோம். மோர்சினில் தங்கி, லே ஜே, அவோரியா, ஷாத்தெல், எல்லைக்கு அப்பால் ஷாம்பெரி என்று மலையேற்றும் கம்பிவட லிஃப்டில் ஏறித் தடங்களில் இறங்குவது திட்டம். இடையே ஓரிரு நாள் மிதித்தே மேலேறும் பாதைகளையும் பார்க்க விரும்புகிறோம். சொந்த சைக்கிள்களை விமானத்தில் கொண்டுபோகிறோம்.

விமானச் சீட்டு, தங்குமிடம், லிஃப்ட் பாஸ் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு இப்போதே தெரிந்துவிட்டது. கணக்கில் அடங்காமல் நிற்பது சைக்கிளுக்கு ஆகும் செலவு மட்டுமே. என்னுடையது 29 அங்குலச் சக்கரமும், முன்னால் 160 மி.மீ. அமுங்கும் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கும், ஷிமானோ 12 வேக கியரும், அதே நிறுவனத்தின் நான்கு பிஸ்டன் பிரேக்கும் கொண்ட முழு சஸ்பென்ஷன் சைக்கிள். நண்பருடையதில் கியர், பிரேக் இரண்டும் ஸ்ராம் நிறுவனத்துடையவை. இரண்டு சைக்கிள்களுக்கும் சென்ற ஆண்டுக்குப் பிறகு பெரிய சர்வீஸ் எதுவும் செய்யவில்லை.

முழு சர்வீஸை இங்கேயே முடித்துவிட்டுப் போவதா, அல்லது போகும் வழியில் ஏதாவது குலுங்கிக் கெடும் என்பதால் அங்கே போய்ச் செய்துகொள்வதா என்பது முதல் குழப்பம். எந்தெந்த உதிரிபாகங்களைச் சுமந்து செல்ல வேண்டும், எவற்றை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்பதும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்பாராத பழுதுக்கு எவ்வளவு பணத்தைத் தனியாக வைத்திருப்பது நியாயம் என்று, இத்தகைய பயணம் சென்று வந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


பல்சக்கரம்

சர்வீஸைப் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அங்கே கூலி அதிகம் என்பது அதற்கு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் நேரம். பருவகாலத்தில் லிஃப்ட் ஊர்களிலுள்ள பணிமனைகள் அன்றன்று உடைந்து வரும் சைக்கிள்களை மறுநாள் காலைக்குள் ஓடவைப்பதற்காகவே இயங்குகின்றன. வளைந்த ஹேங்கரையும் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு) கிழிந்த டயரையும் உடனே சரிசெய்து தருபவர்கள்கூட, ஃபோர்க்கை முழுவதும் பிரித்துச் சீல் மாற்றும் வேலைக்கு இரண்டு மூன்று நாள் தவணை கேட்பார்கள். அந்த நாள்களுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிய லிஃப்ட் பாஸ் வீணாகும், அல்லது வாடகை சைக்கிள் எடுக்க நேரும். இந்த இழப்பு பணிமனையின் ரசீதில் வராது என்றாலும் பயணச் செலவில் கட்டாயம் வரும்.

சஸ்பென்ஷனைப் பொறுத்தவரை உற்பத்தியாளர் சொல்லும் மணிக்கணக்கை வைத்துக் கணக்கிடுங்கள். ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்க்கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் மாற்றுவதை 50 மணி நேரத்துக்கு ஒரு முறையும், இப்போதைய பெரும்பாலான மாதிரிகளுக்கு டேம்பர் (அதிர்வைத் தணிக்கும் பகுதி), ஏர் ஸ்பிரிங் (காற்றழுத்த ஸ்பிரிங்) உள்ளிட்ட முழு சர்வீஸை 200 மணி நேரத்துக்கு ஒரு முறையும் செய்யச் சொல்கிறது. இன்னொரு ஃபோர்க் நிறுவனமான ஃபாக்ஸ் முழு சர்வீஸுக்கு 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. லிஃப்டில் அமர்ந்திருக்கும் நேரத்தைக் கழித்துவிட்டாலும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது சைக்கிள் உருளும். இரண்டு வாரத்தில் ஓய்வு நாள்கள் போக அது 30 முதல் 40 மணி நேரம் ஆகிவிடும். ஆகவே புதிதாகக் கீழ்க்கால் சர்வீஸ் செய்துகொண்டு போகும் ஃபோர்க் பயணம் முழுவதையும் தாங்கும். ஏற்கெனவே 40 மணி நேரம் ஓடிய ஃபோர்க் பயணத்தின் நடுவிலேயே தவணையைத் தாண்டிவிடும். இந்த வேலைக்கான சீலும் ஆயிலும் விலை உயர்ந்தவை அல்ல. சுமார் ஒரு மணி நேரக் கூலிதான் செலவு, அந்தக் கூலியை எந்த நாட்டில் கொடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

அடுத்தது செயின். செயின் அளவுகோலின் கொக்கியை ஓர் உருளையில் மாட்டி, மறுமுனையைக் கண்ணிகளுக்கு நடுவே மெல்ல அழுத்திப் பாருங்கள். 0.5 என்று குறித்த பக்கம் தடையின்றி உள்ளே இறங்கிவிட்டால் 11, 12 வேகச் செயினின் ஆயுள் முடிந்தது என்று பொருள். 10 வேகமும் அதற்குக் குறைந்தவையும் 0.75 வரை ஓடலாம். அளவுகோல் இல்லாவிட்டால் ஓர் இரும்பு ஸ்கேலே போதும். கண்ணிகளைக் கோக்கும் ஓர் ஊசியின் நடுவில் தொடங்கி 12 அங்குலம் அளந்தால், புதிய செயினில் 24 கண்ணிகள் தள்ளி இன்னோர் ஊசியின் நடு அங்கே சரியாக வந்து நிற்கும். அந்த ஊசி ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால் அதுவே 0.5 சதவீதத் தேய்மானம். இந்த நிலையில் செயினை மட்டும் மாற்றினால் கேசட் (பின் சக்கரத்திலுள்ள பற்சக்கர அடுக்கு) தப்பிக்கும். இழுத்தடித்தால் கேசட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், 12 வேக கேசட்டின் விலை செயினைப் போல் பல மடங்கு. புதிய செயினைப் போட்டபின் செங்குத்தான ஏற்றத்தில் அழுத்தி மிதித்துப் பாருங்கள். நீங்கள் அதிகம் பயன்படுத்திய பற்களில் செயின் வழுக்கினால் கேசட்டும் போய்விட்டது, அதை இங்கேயே மாற்றிவிடுங்கள்.

சர்வீஸைப் புறப்படும் முந்தைய நாள் செய்யாமல், இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னரே செய்து, அதன்பின் ஓரிரு முறையாவது கரடுமுரடான பாதையில் ஓட்டிப் பாருங்கள். புதிய கேபிள் தளர்வதும், புதிதாகக் கட்டிய சக்கரத்தில் ஸ்போக் இறுக்கம் இறங்குவதும், பிரேக்கில் சிக்கிய காற்றுக் குமிழி மேலே வருவதும் அந்த ஓட்டத்தில்தான் தெரியும்.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டால் போதும்: இது என் சைக்கிளுக்கு மட்டும் பொருந்துவதா, எல்லாருடைய சைக்கிளுக்கும் பொருந்துவதா? 29 அங்குல டயர், டியூப், டயரின் துளையை அடைக்கும் சீலண்ட் திரவம், செயின், பிரேக்கில் டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் ஆகியவை அந்த ஊர்களில் கட்டாயம் கிடைக்கும். கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் அப்படியல்ல. ஃபிரேமும் விலையுயர்ந்த டீரெய்லரும் (கியர் மாற்றி) தப்ப வேண்டும் என்பதற்காகத் தானே வளையும்படி செய்யப்பட்ட சின்ன அலுமினியத் துண்டு அது; ஃபிரேமுக்கு ஃபிரேம் அதன் வடிவம் மாறும். 2019-இல் ஸ்ராம் கொண்டுவந்த பொது வடிவ ஹேங்கரைப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டன. உங்கள் ஃபிரேமில் அது இருந்தால் எந்த நல்ல கடையிலும் வாங்கலாம். இல்லையென்றால் இரண்டு ஹேங்கர்களைக் கையோடு கொண்டுபோங்கள். கைப்பிடியளவு கூட எடையில்லாத இந்தப் பொருள் கிடைக்காமல் நல்ல சைக்கிள் நாள்கணக்கில் சுவரில் சாய்ந்து நிற்பதை அத்தகைய ஊர்களில் அடிக்கடி பார்க்கலாம்.

ஸ்போக்கும் அப்படித்தான். ஒரே சைக்கிளில் முன் சக்கரம், பின் சக்கரம், வலப்பக்கம், இடப்பக்கம் என்று நீளம் மாறும். ஒவ்வொரு நீளத்திலும் இரண்டை நிப்பிளுடன் (ரிம்மில் ஸ்போக்கை இறுக்கும் திருகு) எடுத்து, எந்தப் பக்கத்துக்கு உரியது என்று எழுதிய நாடாவைச் சுற்றி வையுங்கள். பின் ஷாக்கை ஃபிரேமில் பிணைக்கும் போல்ட், இணைப்புகளின் போல்ட் ஆகியவற்றையும் ஃபிரேம் நிறுவனத்திடமிருந்து முன்கூட்டியே வாங்கிக்கொள்வது நல்லது. செயினுக்கான விரைவு இணைப்பு இரண்டு போதும். 12 வேகச் செயின்களின் இணைப்பை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றுதான் ஷிமானோவும் ஸ்ராமும் சொல்கின்றன.


இறக்கம்

பல்சக்கரம் அவர்கள் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் அந்தப் பகுதியில் பணத்தை முதலில் கரைப்பது செயினோ ஃபோர்க்கோ அல்ல, பிரேக். மோர்சினிலிருந்து லு பிளெனே லிஃப்டில் ஏறினால் சுமார் 500 மீட்டர் உயரம் கிடைக்கிறது. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை ஏறி இறங்குவது அங்கே சாதாரணம். அதாவது 5,000 முதல் 6,000 மீட்டர் இறக்கத்தை ஒரே நாளில் பிரேக் தாங்க வேண்டும். மிதித்தே ஏறி இறங்குபவர் பல வாரங்களில் செய்யும் இறக்கம் இது. வெயில் நாளில் பேட் ஓரளவு தாங்கும். மழை பெய்து சேறும் மணலும் கலந்துவிட்டால் ரெசின் (பிசின் கலவை) பேட் ஒரே நாளில் தீர்ந்துவிடுவதும் உண்டு.

ஆகவே பேட் அங்கே கிடைக்கும் என்பதற்காக வெறுங்கையோடு போக வேண்டாம். மழை பெய்த மறுநாள் எல்லாருக்கும் ஒரே பேட்தான் தேவைப்படும். ஷிமானோவின் நான்கு பிஸ்டன் பேடும் இரண்டு பிஸ்டன் பேடும் வெவ்வேறு வடிவம் என்பதால், பெட்டியின் மீதுள்ள எண்ணைப் பார்த்து வாங்கி, ஒரு சக்கரத்துக்கு இரண்டு ஜோடி வீதம் எடுத்துச் செல்லுங்கள். ஈரத்துக்கு உலோகக் கலவைப் பேட்தான் நீடிக்கும். ஆனால் முதலில் உங்கள் டிஸ்க்கைப் பாருங்கள். ரெசின் பேட் மட்டுமே என்று பொறிக்கப்பட்ட ஷிமானோ டிஸ்க்குகள் உண்டு. அவற்றில் உலோகப் பேட் போட்டால் டிஸ்க் வேகமாகத் தேய்ந்து கெட்டுவிடும், மிச்சப்படுத்திய பணம் டிஸ்க் வாங்கவே போய்விடும். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ.க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டும் என்று டிஸ்க்கின் மேலேயே குறித்திருப்பார்கள்.

மாலையில் சைக்கிளைக் கழுவியதும் சக்கரத்தைக் கழற்றி, பேடுகளைத் தாங்கும் பிரேக் பகுதியான காலிப்பருக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்புத் தகட்டின் மேல் கருமையாகத் தெரியும் அடுக்குதான் உண்மையான பேட். அது அரை மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் அன்றிரவே மாற்றிவிடுங்கள். இன்னும் ஒரு நாள் ஓடும் என்று விட்டால், நடுவிலுள்ள ஸ்பிரிங் தகடு டிஸ்க்கில் உரசத் தொடங்கும். அந்தக் கீச்சொலி கேட்கும் நேரத்தில் டிஸ்க்கில் வரி விழுந்திருக்கும். புதிய பேட் போட்டதும் நேராகச் செங்குத்தான தடத்துக்குப் போகாமல், தட்டையான சாலையில் மிதமான வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி, இருபது முறையாவது வேகத்தைக் குறைத்துப் பழக்குங்கள். பழக்காத பேட் சூடேறிப் பளபளப்பாகிவிட்டால் பிடிப்பும் போகும், பணமும் போகும்.

இன்னொன்று: நீங்கள் ஷிமானோ, நண்பர் ஸ்ராம் என்பதால் ஒருவருடைய பேடை மற்றவர் பயன்படுத்த முடியாது. பிரேக் ஆயிலும் அப்படியே. ஷிமானோவில் மினரல் ஆயில். ஸ்ராமின் பல பிரேக்குகளில் டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம், அண்மைய சில மாதிரிகளில் மட்டும் மினரல் ஆயில். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிப்போய் முழு பிரேக்கையுமே தூக்கிப்போட வேண்டிவரும். பிளீடிங் (பிரேக்கிலுள்ள காற்றை வெளியேற்றி ஆயில் நிரப்புதல்) செய்யக் கொடுக்கும்போது மாதிரியின் பெயரைச் சொல்லியே கொடுங்கள். கேசட் பொருத்தும் ஹப்பின் உடலும் வேறாக இருக்கக்கூடும். உங்களுடையது ஷிமானோவின் மைக்ரோ ஸ்ப்லைன் வகை என்றால் ஸ்ராமின் எக்ஸ்டி (XD) வகை ஹப்புக்கான கேசட் அதில் ஏறாது.

பணிமனையை அணுகும் முறையிலும் பணம் மிச்சமாகும். சேறு படிந்த சைக்கிளை வாங்க மறுக்கும் கடைகளும், கழுவுவதற்குத் தனிக் கட்டணம் சேர்க்கும் கடைகளும் உண்டு. கழுவிக்கொண்டே போங்கள், ஆனால் அழுத்தமான நீர்ப்பீச்சை ஹப், பெடல், சஸ்பென்ஷன் இணைப்புகளின் பேரிங்குகளை நோக்கிப் பிடிக்க வேண்டாம். என்ன வேலை, எவ்வளவு கூலி, எந்தப் பாகம், எப்போது கிடைக்கும் என்பதை எழுதி வாங்குங்கள். வேறு கோளாறு தெரிந்தால் என்னைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று சொல்லி, கைப்பேசி எண்ணைக் கொடுங்கள். ஒரு முறை வேறொரு நாட்டில், பின் கியரைச் சரிசெய்யக் கொடுத்த சைக்கிளில் என்னைக் கேட்காமலே பாட்டம் பிராக்கெட்டையும் (பெடல் தண்டின் அச்சைத் தாங்கும் பேரிங்) மாற்றி ரசீதை நீட்டினார்கள். பழைய பாகத்தைக் காட்டச் சொன்னபோது அது குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். அன்றிலிருந்து கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நீங்கள் கொண்டுபோகும் பாகத்தைப் பொருத்தச் சில கடைகள் கூடுதல் கூலி கேட்கும் என்பதால் அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.


கற்பாதை

நான் மாற்றுக் கருத்தை வைக்கிறேன். இரண்டு வாரத்தில் பெரும்பகுதி லிஃப்ட் இறக்கமே என்றால், வாடகைக்குக் கனமான டவுன்ஹில் சைக்கிள் எடுப்பதைப் பற்றியும் யோசியுங்கள். விமானத்தில் சைக்கிளுக்குக் கட்டும் கட்டணம், பெட்டி, புறப்படும் முன் செய்யும் முழு சர்வீஸ், வந்தபின் மாற்ற வேண்டிய பேட், டயர், செயின், ஃபோர்க் சீல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், ஒரு வாரம் வரை வாடகைக்கும் சொந்தத்துக்கும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அதற்கு மேல் நீளும் பயணத்தில்தான் சொந்த சைக்கிள் மலிவாகிறது.

ஆனால் வாடகை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். சேதத்துக்கான கூடுதல் காப்புத் தொகை கட்டியிருந்தாலும் டயர் கிழிவது, ஹேங்கர் வளைவது, டீரெய்லர் உடைவது, ரிம் நசுங்குவது போன்றவை அதில் அடங்காமல் இருக்கலாம். இறக்கத்தில் பெரும்பாலும் உடைபவையும் அவைதாம். சைக்கிளைக் கையில் வாங்கும்போதே ஃபிரேமின் அடிப்பகுதி, ரிம்களின் விளிம்பு, பிரேக் நெம்புகோல், டீரெய்லர் ஆகியவற்றைக் கடைக்காரரின் முன்னிலையில் படமெடுத்துவிடுங்கள்.


சுமைக்கணக்கு

பழுதுச் செலவு பற்றிய பேச்சில் விமானப் பயணத்தை விட்டுவிடக் கூடாது, ஏனெனில் முதல் சேதம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. டீரெய்லரை ஹேங்கரிலிருந்து கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமின் உள்பக்கம் கட்டுங்கள். டிஸ்க்குகளைக் கழற்றிச் சக்கரங்களிலிருந்து தனியே வையுங்கள். காலிப்பரில் பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றைச் செருக மறக்க வேண்டாம். அது இல்லாமல் பெட்டிக்குள் பிரேக் நெம்புகோல் அழுந்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேட்கள் ஒட்டிக்கொள்ளும், இறங்கிய அன்றே பணிமனைக்குப் போக நேரும். காற்றழுத்தக் குப்பிகளுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை, சில நாடுகளில் அவற்றை அறவே ஏற்பதில்லை. கைப்பம்பும் ஷாக் பம்பும் போதும். நண்பரிடம் மின்கலத்தில் இயங்கும் கியர் இருந்தால் உபரி மின்கலத்தைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

சேதம் நேர்ந்துவிட்டால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பன்னாட்டு விமானப் பயணத்துக்குப் பொருந்தும் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பயணப்பொருள் சேதத்துக்கும் இழப்புக்கும் தாமதத்துக்கும் ஒரு பயணிக்கு விமான நிறுவனம் தரவேண்டிய உச்சத்தொகை 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். ஆகும், எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நிதியம் சில நாணயங்களின் தொகுப்பை வைத்து மதிப்பிடும் கணக்கலகு. நல்ல முழு சஸ்பென்ஷன் சைக்கிளின் விலை இதைப் பெரும்பாலும் தாண்டிவிடும். பொருளை ஒப்படைக்கும்போதே கூடுதல் மதிப்பை அறிவித்து, அதற்கான கட்டணம் கேட்கப்பட்டால் கட்டி, இந்த உச்சத்தை உயர்த்திக்கொள்ள ஒப்பந்தம் வழிசெய்கிறது. சேதத்தை எழுத்து வடிவில் பொருளைப் பெற்ற 7 நாள்களுக்குள்ளும், தாமதத்தைப் பொருள் கைக்கு வந்த 21 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். தங்குமிடத்தில் போய்ப் பிரித்துப் பார்க்கலாம் என்றிருக்காமல், விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறந்து பார்த்து, சேதம் இருந்தால் அங்கேயே அறிக்கை பதிவு செய்துவிடுவது எவ்வளவோ மேல்.

பயணக் காப்பீடு எடுப்பதானால் மூன்று இடங்களைத் தேடிப் படியுங்கள்: லிஃப்டில் ஏறி இறங்கும் சைக்கிளோட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, ஓட்டும்போது ஏற்படும் சேதம் அடங்குமா அல்லது திருட்டும் போக்குவரத்துச் சேதமும் மட்டுமா, ஒரு பொருளுக்கான உச்சத்தொகை எவ்வளவு. தேய்மானத்தை எந்தக் காப்பீடும் ஏற்காது. ஆகவே பணிமனை தரும் ரசீதில், விழுந்ததால் வளைந்த பாகம் என்று காரணத்தைக் குறிப்பிடச் சொல்லி வாங்குங்கள்.

வரியைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பாவில் வாடிக்கையாளருக்குச் சொல்லும் விலையிலேயே வரி அடங்கியிருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் அது கடைசியில் சேரும் என்பதால் பயணங்களை ஒப்பிடும்போது கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் பிரான்ஸில் வாங்கிக் கையோடு வெளியே எடுத்துச் செல்லும் பொருளுக்கு, தொகை 100 யூரோவைத் தாண்டினால், மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெற வழியுண்டு; கூலிக்கு அது கிடையாது. கடையில் வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி உரிய படிவத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் ஜெனீவா வழியாகத் திரும்பினால் ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடம் பிரான்ஸ்–சுவிஸ் எல்லை என்பதால், சுங்க உறுதிப்படுத்தலை அங்கே முடிக்க நேரம் ஒதுக்குங்கள்.


மேட்டுவழி

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. செயினை இரும்பு ஸ்கேலால் அளந்தேன். ஊசி ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே தள்ளி நிற்கிறது, ஆகவே செயின் மாற்றப்படும். டிஸ்க் 1.6 மி.மீ. இருக்கிறது. சேணத்தைப் பிடித்துத் தூக்கினால் பின்பக்கம் எங்கோ மெல்லிய தட்டும் உணர்வு வருகிறது. இது பெரிய செலவா? மேலும், எதிர்பாராத பழுதுக்கான தொகையைப் பற்றி யாராவது ஓர் அளவு சொன்னால் நன்றாக இருக்கும்.


பல்சக்கரம்

அந்தத் தட்டல் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். சக்கரம் தரையில் இருக்கும்போது ஒரு கையால் சேணத்தைச் சிறிது தூக்கித் தூக்கி விட்டு, மறுகை விரலை முதலில் ஷாக்கின் மேல் கண்ணுக்கும் ஃபிரேமுக்கும் நடுவிலும், பிறகு கீழ்க் கண்ணிலும், அதன்பின் ஒவ்வோர் இணைப்பின் மூட்டிலும் வைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கும் மூட்டில் இரு பாகங்களும் தனித்தனியே அசைவது விரலுக்குத் தெரியும். ஷாக்கின் கண்ணாக இருந்தால் புஷ் (அதிலுள்ள தேயும் சிறு உறை) மாற்றும் சிறிய வேலை. இணைப்புகளின் பேரிங் என்றாலும் பேரிங்குகள் பெரும்பாலும் பொது அளவுகளில் வருபவை, விலையும் அதிகமில்லை; ஆனால் பின் அமைப்பு முழுவதையும் கழற்றி, பழையவற்றை இழுத்தெடுத்து, புதியவற்றை நேராக அழுத்திப் பொருத்த மணிக்கணக்கில் நேரம் பிடிக்கும். செலவு முழுவதும் கூலியாகவே வரும் வேலை இது. கட்டாயம் இங்கேயே செய்துவிடுங்கள்.

டிஸ்க் 1.6 மி.மீ. என்றால் இப்போது மாற்ற வேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள். நான் மாற்றச் சொல்வேன். இறக்கம் அவர்கள் குறிப்பிட்ட அளவு இறக்கத்தில் அந்த 0.1 மி.மீ. பயணம் முடியும்வரை நிற்காது. மெலிந்த டிஸ்க் சூட்டில் எளிதில் வளையவும் செய்யும். கழற்றிய டிஸ்க்கை இங்கே அன்றாட ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொகையைப் பற்றி: நாணயமும் கடையும் மாறுவதால் ஒரே எண்ணைச் சொல்வதில் பயனில்லை. அதற்குப் பதிலாக இப்படிக் கணக்கிடுங்கள். உங்கள் சைக்கிளிலுள்ள அதே தரத்தில் ஒரு பின் டீரெய்லர், பின் சக்கரத்துக்கு வலுவான பக்கச்சுவர் கொண்ட ஒரு டயர், மூன்று மணி நேரப் பணிமனைக் கூலி ஆகிய மூன்றின் தொகையையும் மோர்சினிலுள்ள கடைகளின் இணையதள விலைப்படி கூட்டி, ஆளுக்கு அந்தத் தொகையைத் தனியாக வையுங்கள். இறக்கத்தில் சாதாரணமாக நேரும் எந்தப் பழுதும் இதற்குள் அடங்கிவிடும். ரிம் பிளப்பது, ஷாக் வெடிப்பது, ஃபிரேமில் விரிசல் விழுவது போன்ற பெரிய சேதத்துக்கு இந்தத் தொகை போதாது. அதற்குப் பணம் ஒதுக்குவதும் பொருத்தமல்ல. அந்த நிலையில் சைக்கிளைக் கட்டி வைத்துவிட்டு மீதி நாள்களுக்கு வாடகை எடுப்பதுதான் மலிவு. ஃபிரேம் நிறுவனங்கள் பல, முதல் உரிமையாளருக்கு விபத்தில் உடைந்த ஃபிரேமுக்கு மாற்றாகக் குறைந்த விலையில் வேறொன்று தருகின்றன; அதற்கு வாங்கிய ரசீது தேவைப்படும், அதன் நகலைக் கைப்பேசியில் வைத்திருங்கள்.


இறக்கம்

ஒரு சிறு சேர்க்கை. ஷாம்பெரி பக்கம் இறங்கிய பிறகு பழுது நேர்ந்தால் சுவிஸ் பிராங்கில் கூலி கொடுக்க நேரும், அது பொதுவாக மோர்சினைவிடக் கூடுதல். அந்தப் பக்கம் செல்லும் நாள்களில் முதுகுப்பையில் ஒரு ஹேங்கர், ஒரு ஜோடி பேட், செயின் இணைப்பு, டியூப்லெஸ் டயரில் செருகும் ரப்பர் திரிகள், ஒரு டியூப், கைப்பம்பு ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். எல்லை கடந்து திரும்பும் கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பதைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் சைக்கிளை ஏற்றும் வாடகை வண்டியில் மலையைச் சுற்றிக்கொண்டுதான் மோர்சினுக்கு வர வேண்டும், அந்தக் கட்டணமும் இந்தக் கணக்கில்தான் சேரும்.